காரடையான் நோன்பும் காதல் கல்யாணமும்

கேள்வி: எனக்கு வயது 27. சொந்த ஊர் கும்பகோணம், வேலை சென்னையில். கூட வேலை பார்க்கும் ஒருவரை மூன்று வருடமாகக் காதலிக்கிறேன். அவர் வேறு சமூகம். வீட்டில் சொன்னதும் பெரியப்பா, "சீதையே வில்லை முறிச்சவனுக்குத்தான் கழுத்தை நீட்டினா. அவளை யார் கேட்டா? காந்தர்வ விவாகத்தை சாஸ்திரமே ஒதுக்கி வெச்சிருக்கு" என்கிறார். அப்பா அவர் பேச்சைத் தட்ட மாட்டார். பெரியப்பா பாட்டி பேச்சைத் தட்ட மாட்டார். நம் இதிகாசங்கள் உண்மையில் என்ன சொல்கின்றன? இவர்களிடம் நான் எப்படிப் பேசுவது?

பதில்: அம்மா, உங்கள் பெரியப்பா சொன்னதில் பாதி சரி. அதை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள், அவரும் காது கொடுப்பார்.

வால்மீகியில் சீதை 'வீர்ய சுல்கம்', அதாவது வீரத்தையே விலையாக வைத்துத் தரப்படும் பெண். வில்லை முறிப்பதற்கு முன் ராமனும் அவளும் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஆனால் அதே வால்மீகியில், வனத்தில் அனசூயையிடம் சீதை தன் கல்யாணக் கதையைச் சொல்கிறாள். ஜனகர் தாரை வார்க்க நீரோடு நின்றபோதும், தசரதர் மனம் தெரியாமல் ராமன் தன்னை ஏற்கவில்லை என்கிறாள். அந்தக் கல்யாணத்தில் பிள்ளையும் அப்பாவின் சம்மதத்துக்குக் காத்திருந்தான்.

பெண்ணின் மனம் அங்கே பேசப்படாதது கம்பரை உறுத்தியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். மிதிலையின் மாடத்தில் அவளை நிறுத்தி, இருவரையும் பார்க்க வைத்தார். வில் முறிந்த செய்தி வந்ததும் 'நான் பார்த்தவனே இவன்; அவன் இல்லையென்றால் உயிரை விடுவேன்' என்று அவளை உள்ளுக்குள் முடிவெடுக்க வைத்தார். நம் வீடுகளில் காலம் காலமாகக் கேட்ட ராமாயணம் இது. பெரியப்பாவும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார்.

அடுத்து காந்தர்வம். மனு எட்டு வகை மணங்களைச் சொல்கிறார். பெண்ணும் ஆணும் தாங்களாக விரும்பிச் சேர்வது காந்தர்வம். அழுகிற பெண்ணை வீட்டிலிருந்து பலவந்தமாகப் பறித்துக்கொண்டு போவது ராட்சசம். தூக்கத்திலோ மயக்கத்திலோ இருப்பவளை அடைவது பைசாசம். எட்டில் கடைசி, பெரும் பாவம் என்று அவரே சொல்கிறார். முதல் நான்குதான் மேல், காந்தர்வம் அதற்குக் கீழே என்பதும் உண்மை. இங்கே பெரியப்பா பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே மனு, வயது வந்த பெண்ணுக்கு மூன்று வருடம் வரை வரன் அமையாவிட்டால் அவளே தேடிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். நம் தொல்காப்பியமும் களவொழுக்கத்தை, அதாவது ஊரறியாமல் வளரும் காதலை, விளக்க அந்த எட்டில் காந்தர்வத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது.

மகாபாரதத்தில் சகுந்தலை காந்தர்வ மணம் செய்தவள். துஷ்யந்தன் கேட்டதும் அவள் உடனே தலையாட்டவில்லை. அப்பா வரட்டும் என்றாள். உன்னை நீயே கொடுக்கலாம் என்று அவன் சொன்ன பிறகும், எனக்குப் பிறக்கும் மகன்தான் இளவரசன் என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். திரும்பி வந்த வளர்ப்பு அப்பா கண்வர், நீ செய்தது தர்மத்துக்கு விரோதமில்லை என்றார். அப்புறம் என்ன ஆயிற்று? வருடங்கள் கழித்து மகனோடு சபைக்குப் போனவளை, எல்லாம் நினைவிருந்தும் துஷ்யந்தன் தெரியாது என்றான். மோதிரமும் சாபமும் காளிதாசர் சேர்த்தவை. மூலக் கதையில் அவனுக்கு மறதி இல்லை. சாட்சி இல்லாததால் அவள் சபையில் தனியாக நின்று வாதாட வேண்டியிருந்தது. கடைசியில் அசரீரி வந்து அவளுக்காகப் பேசியது. உங்களுக்கு அசரீரி வேண்டியதில்லை, பதிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். எப்படி நடந்தாலும் உங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

பெண்ணைக் கேட்காமல் நடந்தவையும் இதிகாசத்தில் ஏராளம். பாண்டுவுக்கு மாத்ரியைப் பொன்னும் மணியும் கொடுத்துப் பெண் எடுத்தார் பீஷ்மர். சுபத்திரையைத் தூக்கிப் போகலாம் என்று கிருஷ்ணனும் அர்ஜுனனும் பேசி முடிவெடுத்தார்கள், தருமருக்குத் தகவலும் போயிற்று. வியாச பாரதத்தின் அந்தப் பேச்சில் சுபத்திரை இல்லை. திரௌபதிக்கு ஐந்து கணவர்கள் என்பதைத் துருபதனும் தருமரும் வியாசரும் விவாதித்தார்கள். பாரதத்தில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் நான் நியாயப்படுத்த மாட்டேன்.

அம்பை கதையில் இந்தக் கேள்வியைப் பாரதமே எடுத்துப் பேசுகிறது. காசி ராஜனின் மூன்று பெண்களையும் சுயம்வர மண்டபத்திலிருந்து தேரில் ஏற்றிக்கொண்டு போனார் பீஷ்மர். மூத்தவள் அம்பை அஸ்தினாபுரத்தில் வாய் திறந்தாள்: 'நான் சால்வனை மனதால் வரித்துவிட்டேன்.' அவளை அனுப்பிவைத்தார்கள். சால்வன், இன்னொருவன் வென்று கொண்டுபோனவளை ஏற்க மாட்டேன் என்றான். பீஷ்மரும் ஏற்கவில்லை. பரசுராமர் போர் செய்தும் பயனில்லை. அவள் தவமிருந்து, தீயில் விழுந்து, சிகண்டியாகப் பிறந்து வந்தாள். குருக்ஷேத்திரத்தில் பத்தாம் நாள் பீஷ்மர் வீழ்ந்தது அந்தச் சிகண்டியை முன்னால் நிறுத்தித்தான். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, தேரில் ஏற்றுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பதுதான். இதை வீட்டில் மிரட்டலாகச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

சரி, வீட்டில் எப்படிப் பேசுவது? பாட்டியிடம் ஆரம்பியுங்கள். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் காரடையான் நோன்பு நோற்பது உங்கள் வீட்டில் வழக்கமாக இருந்தால், வெண்ணெயும் அடையும் வைத்து, மஞ்சள் சரடு கட்டி அவர் நோற்பது சாவித்திரியை நினைத்துத்தான். அந்தச் சாவித்திரி கதையைப் பாட்டியையே சொல்லச் சொல்லுங்கள். அசுவபதி ராஜா மகளிடம், உனக்கேற்றவனை நீயே தேடிக்கொள் என்று தேர் கொடுத்து அனுப்பினார். அவள் காட்டில் வாழும் குருட்டு ராஜாவின் மகன் சத்தியவானைத் தேர்ந்துகொண்டு வந்தாள். அவனுக்கு ஆயுள் ஒரு வருடம்தான் என்றார் நாரதர். வேறு ஒருவனைத் தேர்ந்தெடு என்றார் அப்பா. ஆயுள் நீண்டதோ குறைந்ததோ, ஒருமுறை வரித்தாயிற்று, இரண்டாவது ஆளை வரிக்க மாட்டேன் என்றாள் மகள். நாரதர் அவள் பக்கம் சாய்ந்தார், அப்பாவும் சம்மதித்தார். எமனோடு அவள் வாதாடியது எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஒரு வருடம் முன்பே அப்பாவோடு வாதாடி ஜெயித்ததைச் சொல்லத்தான் மறந்துவிடுகிறோம்.

ஒன்று கவனம். சத்தியவானும் ராஜகுமாரன்தான், சாதி கேள்விக்கு இந்தக் கதை பதிலாகாது. அந்தப் பேச்சு வந்தால் தேவயானியைச் சொல்லுங்கள். பிராமணப் பெண் க்ஷத்திரியனான யயாதியை விரும்பினாள். அவன்தான் பயந்தான். அவள் அப்பாவிடம் கேட்டாள். அப்பா சுக்கிராச்சாரியார் யயாதியிடம், இதில் உனக்குத் தோஷம் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கொடுத்தார்.

வேறு இடத்தில் கட்டாயப்படுத்திக் கட்டிவைத்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வற்புறுத்தி வாங்கிய சம்மதத்தில் நடந்த கல்யாணத்தை நீதிமன்றம் ரத்து செய்ய 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் இடம் உண்டு. வற்புறுத்தல் நின்ற ஓராண்டுக்குள் போக வேண்டும்.

அப்பாவிடம் இப்போதே சம்மதம் கேட்காதீர்கள். மகள் சொன்னதற்காக அசுவபதி ராஜா, கடைசியில் காட்டுக்குள் கால்நடையாகவே போய், அந்தக் குருட்டு ராஜாவின் ஆசிரமத்தில் உட்கார்ந்து சம்பந்தம் பேசினார். உங்கள் அப்பாவையும் ஒருமுறை அந்தப் பையன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். கூடப் பாட்டி போனால் இன்னும் நல்லது.