கருந்துளைக் காற்று: வடசென்னை வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்மீன் மண்டலங்களின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளைகளிலிருந்து வீசும் காற்றைப் பற்றி, ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள வாசகர்கள் கேட்டவை.

தண்டையார்பேட்டை: கருந்துளை எதையும் வெளியே விடாதுன்னுதானே படிச்சோம். காற்று எங்கிருந்து வருது சார்?

உள்ளே விழுந்தது திரும்பாது, அது சரி. காற்று கிளம்புவது விழுவதற்கு முன்னால். வாயு நேராக விழாமல் சுற்றிச் சுற்றி ஒரு தட்டாகப் படிந்து, உராய்வில் சூடேறி ஒளிர்கிறது. அந்த ஒளியின் அழுத்தமும் காந்தப்புலமும் தட்டின் மேற்பரப்பை உரித்து வெளியே தள்ளுகின்றன. மிக வேகமான காற்றுகள் ஒளியின் வேகத்தில் 3 முதல் 30 சதவீதம் வரை போகின்றன.

காசிமேடு: மண்டலத்துல ஆயிரத்தில் ஒரு பங்கு எடைகூட தேறாத ஒண்ணு, மொத்தத்தையும் எப்படி ஆட்டிவைக்கும் அண்ணே?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கருந்துளை 10 கோடி சூரிய நிறை, மையக் குமிழ் (மண்டலத்தின் நடுவில் விண்மீன்கள் உப்பலாகத் திரண்ட பகுதி) 10,000 கோடி சூரிய நிறை, அங்கே விண்மீன்களின் வேகம் நொடிக்கு 200 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விழும் பொருளில் 10 சதவீதம் ஆற்றலாக மாறினால், அந்த அளவுக்கு வளர்வதற்குள் கருந்துளை வெளியிட்டிருக்கும் ஆற்றல் சுமார் 2×10⁵⁴ ஜூல். குமிழைக் கட்டிவைத்திருக்கும் ஈர்ப்பாற்றல் 8×10⁵¹ ஜூல் அளவுதான். 200 மடங்குக்கு மேல் வித்தியாசம்! அதில் 0.5 சதவீதம் வாயுவின் மீது ஏறினாலே போதும்.

விண்மீன்களைக் காற்று அசைக்காது. அவ்வளவு பெரிய இடைவெளியில் அவை வெறும் புள்ளிகள். அடித்துப் போவது வாயுவைத்தான். வாயு போனால் புது விண்மீன் பிறக்க மூலப்பொருள் இல்லை. கருந்துளையின் நிறையும் குமிழின் விண்மீன் வேகமும் இறுக்கமாகப் பொருந்துவதை 2000-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. அந்த விண்மீன்கள் கருந்துளையின் ஈர்ப்பு எட்டாத தூரத்தில் இருப்பவை. இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு காற்றுதான் என்பதே எனக்கு வலுவான விளக்கமாகப் படுகிறது.

பெரம்பூர்: அப்போ காற்று வீசினாலே மண்டலம் காலியாகிடுமா?

ஆகாது. இட்லிப் பானையை நினையுங்கள். ஆவி உள்ளேயே அடைபட்டால் மூடியைத் தூக்கும். குளிர்ந்து நீரானால் மூடி அசையாது. காற்று மண்டல வாயுவில் மோதும்போது 100 கோடி டிகிரியையும் தாண்டிச் சூடாகிறது. கருந்துளைக்கு அருகில் என்றால், அங்குள்ள அடர்ந்த ஒளியே அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். மோதிய உந்தம் மட்டும் மிஞ்சும். தொலைவில் சூடு தணியாமல் சோப்புக் குமிழிபோல ஊதி, வாயுவை வாரிக்கொண்டு போகும். மார்க்கேரியன் 231 என்ற விண்மீன் மண்டலத்தில் மூலக்கூறு வாயு நொடிக்குச் சுமார் 1,000 கி.மீ. வேகத்தில், ஆண்டுக்குப் பல நூறு சூரிய நிறை என வெளியேறுகிறது.

வியாசர்பாடி, எம்.எஸ்ஸி. மாணவர்: எக்ஸ்எம்எம்-நியூட்டன் தரவு இலவசமாகக் கிடைக்குது. அதில் காற்றை எப்படிக் கண்டுபிடிக்கறது சார்?

எக்ஸ்எம்எம்-நியூட்டன் ஐரோப்பாவின் எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கி. அதன் கேமராக்களில் ஒன்றான பிஎன் தரவை எடுங்கள் தம்பி. முதலில் 10–12 கேஇவி (கிலோ எலக்ட்ரான்வோல்ட், எக்ஸ்-கதிர் ஆற்றலின் அலகு) எண்ணிக்கையை நேரத்தோடு வரைந்து, நொடிக்கு 0.4-ஐத் தாண்டும் பகுதிகளை வெட்டுங்கள். அவை விண்வெளிப் புரோட்டான்கள் கேமராவில் திடீரெனக் கூட்டமாக மோதும் நேரங்கள். அடுத்து நிறமாலையை எடுத்து, ஒரு கட்டத்துக்கு 25 எண்ணிக்கையாவது வரும்படி தொகுத்து, 3.5–10.5 கேஇவிக்குள் பவர்-லா (அடுக்கு விதி) வளைகோட்டைப் பொருத்துங்கள். 6.4-இல் இரும்பின் உமிழ்வுக் கோட்டையும் சேர்த்த பிறகு, 7-க்கு மேல் பள்ளம் தெரிகிறதா பாருங்கள். எலக்ட்ரான் ஒன்று மட்டும் மிஞ்சிய இரும்பு 6.97-இல் உறிஞ்சும். காற்று ஒளிவேகத்தில் 25 சதவீதத்தில் நம்மை நோக்கி வந்தால் அது 9.0-க்கு நகரும். பிடிஎஸ் 456 என்ற குவேசாரின் (ராட்சதக் கருந்துளை ஒளிரும் தொலைதூர மண்டல மையம்) சிவப்புப் பெயர்ச்சி, அதாவது பிரபஞ்ச விரிவால் ஒளி நீளும் அளவு, 0.184. அதனால் 1.184-ஆல் வகுத்தால் 7.6-இல் தெரியும்.

பலர் சறுக்குவது 8.05-இல். கேமராவுக்கு அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையின் செம்பு அங்கே ஒளிரும், ஆனால் கேமராச் சில்லின் (சிப்) நடுவில் அந்த ஒளி இல்லை. பின்னணியை ஓரத்திலிருந்து எடுத்துக் கழித்தால், இல்லாத செம்பைக் கழித்து ஒரு போலிப் பள்ளத்தை நீங்களே வெட்டிவிடுவீர்கள். மூலத்துக்குப் பக்கத்திலேயே பின்னணி எடுங்கள். பள்ளம் நிஜமா என்று அறிய, பள்ளமே இல்லாத 1,000 போலி நிறமாலைகளை உருவாக்கி, எத்தனையில் தற்செயலாக அதே ஆழம் வருகிறது என்று எண்ணுங்கள். கடைசியாக ஆற்றல் கணக்கு. காற்று கருந்துளையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே அதில் பெரிய ஓட்டை. தூரம் 10 மடங்கு தவறினால் ஆற்றலும் 10 மடங்கு தவறும்.

எண்ணூர்: ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் எங்க மொட்டை மாடியிலிருந்தே தெரியும். அதுல போன கருவி எதுவும் இதைப் பார்க்குதா?

அங்கிருந்து 2015 செப்டம்பர் 28-இல் ஆஸ்ட்ரோசாட்டும், 2024 ஜனவரி 1-இல் எக்ஸ்போசாட்டும் போயின. இரண்டும் எக்ஸ்-கதிர் வானத்தைப் பார்க்கின்றன. ஆனால் காற்றின் கோடுகளைப் பிரித்துக் காண, 2023-இல் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிஸம்தான் இன்று முன்னணி. சாதாரண கேமரா 6 கேஇவியில் சுமார் 150 எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கே பிரிக்கும். இது சுமார் 5 வரை பிரிக்கிறது. பிடிஎஸ் 456-இல் ஒரே பள்ளமாகத் தெரிந்தது, இதில் ஐந்து வெவ்வேறு வேகங்களாகப் பிரிந்தது. காற்று சீரான பாய்ச்சலாக இல்லாமல், கட்டி கட்டியாக வருகிறது.

ராயபுரம்: நம்ம பால்வீதிக் கருந்துளை?

சுமார் 43 லட்சம் சூரிய நிறை, 26,000 ஒளியாண்டு தூரம், இப்போது அமைதி. 2010-இல் கண்டறிந்த ஃபெர்மி குமிழ்கள் (காமா கதிரில் தெரியும் இரு பெரும் வாயுக் குமிழிகள்) மையத்திலிருந்து மேலும் கீழும் 25,000 ஒளியாண்டு எழும்பி நிற்கின்றன. ஒரு காலத்தில் அங்கே பெரும் ஆற்றல் வெடித்துக் கிளம்பியதற்கான தடயம் அது. நமக்கு ஆபத்து இல்லை.