அடைப்புக்குறிக்குள் ஒரு மகள்

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 21 வயது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரண்டு தடவை தோற்றி, கடைசியாக இரண்டு 'சி' (திறமைச் சித்தி), ஒரு 'எஸ்' (சாதாரண சித்தி). மருத்துவ பீடம் கிடைக்கவில்லை. தேர்ட் ஷை, அதாவது மூன்றாம் தடவை, எடுக்க வைக்கலாமா, மாவட்டக் கோட்டா கைகொடுக்குமா என்று கேட்கிறார். கடிதத்தின் நடுவில், அடைப்புக்குறிக்குள் இரண்டு வரி: "மகள் தரம் 11, இந்த முறை ஓ.எல்., சாதாரண தரப் பரீட்சை. செலவு கட்டுப்படியாகாததால் அவளுடைய கணித ரியூஷனை நிறுத்திவிட்டோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை."

தங்கச்சி,

உங்கள் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு, இதுதான் மகனுக்குக் கடைசி. அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி என்பது அவன் எடுக்கிற புள்ளி அல்ல. அந்தப் பாடத்தை எழுதிய அத்தனை பேருடைய சராசரியிலிருந்து அவன் எவ்வளவு மேலே நிற்கிறான், எவ்வளவு கீழே நிற்கிறான் என்பதைத்தான் அது சொல்கிறது. அவன் பத்துப் புள்ளி கூட எடுத்து, அந்த வருடம் எல்லோரும் பத்துப் புள்ளி கூட எடுத்தால், நின்ற இடத்திலேயேதான் நிற்பான். கோட்டாவும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. உங்கள் மாவட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறது, சரி. ஆனால் சனத்தொகை குறைந்த மாவட்டத்துக்கு எத்தனை மருத்துவ இடம் வரும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டு 'சி', ஒரு 'எஸ்' அந்த இடத்துக்கு வேண்டிய மிகக் குறைந்த இசட் புள்ளிக்கு, அதாவது வெட்டுப்புள்ளிக்கு, கிட்டவும் இல்லை.

இனி மகளுக்கு வருகிறேன்.

"அவள் ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொல்வாள் என்று எதிர்பார்த்தீர்கள்? அண்ணா டொக்டராக வேண்டும், நீ பொறுத்துக்கொள் என்று சொன்ன பிறகு, 16 வயதுப் பிள்ளைக்குச் சொல்ல என்ன இருக்கிறது? இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் இப்படி வாய் திறக்காத பெண் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பிள்ளை பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பெற்றோருக்குச் சுகமாக இருக்கிறது. எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

அதுவும் எந்தப் பாடத்தை நிறுத்தினீர்கள்? கணிதத்தை. ஓ.எல்.லில் ஒன்பது பாடம். உயர்தரம் படிக்க ஆறு பாடச் சித்தி வேண்டும், அதில் குறைந்தது மூன்று 'சி' இருக்க வேண்டும். கணிதத்தில் 'டபிள்யூ', அதாவது சித்தியின்மை, விழுந்தால் விஞ்ஞானப் பிரிவையும் கணிதப் பிரிவையும் அவள் மறந்துவிட வேண்டியதுதான். நாளைக்கு ஒரு அரச அலுவலக வேலைக்கு அறிவித்தல் வந்தாலும் பெரும்பாலும் கணிதச் சித்தியைக் கேட்பார்கள். அண்ணனுக்கு மூன்றாவது வாய்ப்பு. அவளுக்கு இது முதலாவது. அதிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்தபோது, பிள்ளை உழைத்துப் பெற்ற புள்ளியைத் தூக்கி ஓரமாக வைக்கிறார்களே என்று கொதித்தவர்கள் நாங்கள். இன்றைக்கும் அதைப் பேசாத வீடு இல்லை. அந்த வலி தெரிந்த வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளையை ஓரமாக வைக்கலாமா? பெற்ற கடமை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். மூத்தவன், ஆண் பிள்ளை என்பதற்காக அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

மகளின் ரியூஷனை இந்தக் கிழமையே திரும்பத் தொடங்குங்கள். காசு பற்றாது என்றால் மகனுடைய வகுப்பொன்றைக் குறையுங்கள். அவன் மூன்றாம் தடவை எழுதத்தான் வேண்டுமா என்று அவனிடமே கேளுங்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், அவனுடைய விருப்பம் ஒரு இடத்திலும் இல்லை. எழுதுவதென்றால் எழுதட்டும், ஆனால் மருத்துவம் ஒன்றையே நம்பி அல்ல. உயிரியல் படித்தவனுக்கு விவசாயம் இருக்கிறது, அந்தப் பீடம் பக்கத்தில் கிளிநொச்சியில்தான். சித்த மருத்துவம் இருக்கிறது. அதுவும் சரிவரவில்லை என்றால் தேசிய தொழிற்தகைமை வழியில் 5ஆம், 6ஆம் மட்டத்தில் டிப்ளோமா, 7ஆம் மட்டத்தில் பட்டம் வரைக்கும் போகலாம்.

அப்புறம், உயிரியல் படித்தவனுக்கு ஓ.எல். கணக்குத் தெரியாமல் இருக்காது. தினமும் இரவு ஒரு மணித்தியாலம் தன் தங்கச்சியோடு உட்காரட்டும். இவ்வளவு நாளும் அவளுடைய காசில்தானே படித்தான், இது அவனுடைய கடமை. அவள் செய்த கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து, எந்தக் கணக்கைப் பாதியில் விட்டிருக்கிறாள் என்று முதலில் அவன் பார்க்கட்டும். நீங்களும் கூட இருந்து பாருங்கள்.

பெறுபேறு வந்ததும் எழுதுங்கள். மகளைப் பற்றி முதல் வரியில் எழுதுங்கள், அடைப்புக்குறி இல்லாமல்.