அம்மாவிடம் சொல்லலாமா?

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு வயது 58. இடது மார்பில் கட்டி. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஐ.எச்.சி. முடிவு வரட்டும், ஸ்கேனும் பார்த்துவிட்டு கீமோவா ஆபரேஷனா என்று சொல்கிறோம் என்கிறார்கள். பதினாறு நாள் ஆயிற்று. கட்டி வளர்ந்துகொண்டே இருக்குமே என்ற நினைப்பில் தூக்கமே இல்லை. அம்மாவிடம் சாதாரணக் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம். உண்மையைச் சொல்லவே கூடாது என்கிறார் பெரியம்மா. முள் சீத்தா இலைக் கஷாயம் கொடுக்கச் சொல்லி ஆளாளுக்குப் போன் செய்கிறார்கள்.

வ., திண்டுக்கல்

அன்புள்ள வ.,

முதலில் அந்தப் பதினாறு நாள். ஐ.எச்.சி. என்பது பயாப்சியில் எடுத்த அதே சதைத் துணுக்கில் செய்யும் பரிசோதனை. ஹார்மோனால் வளரும் கட்டியா, ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். அதைப் பொறுத்து மருந்தே மாறும். சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம்தான் ஆபரேஷன். அதனால் இந்த நாட்களும் சிகிச்சையில் சேர்த்திதான். மார்பகக் கட்டி பெரும்பாலும் ஒரே வாரத்தில் வந்ததும் அல்ல. ஆனால் சும்மா காத்திருக்காதீர்கள். முடிவு என்றைக்கு வரும், வராவிட்டால் யாரைக் கேட்பது என்று நாளையே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அம்மா. என் அப்பாவுக்குத் தொண்டையில் வந்தபோது நாங்களும் மறைத்தோம். 'புண்ணுப்பா, ஆறிடும்' என்றோம். மூன்று வாரம் கழித்து ரேடியேஷனுக்கு முகமூடி அளவெடுக்கப் போன அன்று, வாசலில் இருந்த பலகையை நின்று படித்தார். தபால்காரராக இருந்தவர். பலகை படிக்காமல் எந்த வாசலுக்குள்ளும் போக மாட்டார். அங்கே ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: "எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?"

அவருக்கு முன்பே சந்தேகம் வந்திருக்கிறது. காபியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டபோது என் அம்மா திட்டவில்லையாம். அதிலிருந்தே பயந்துகொண்டிருந்திருக்கிறார், தனியாக. அந்த மூன்று வாரம் அவர் பக்கத்தில் நாங்கள் இருந்தும் இல்லாமல் போனதை என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

பெரியம்மாவைக் குறை சொல்லாதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் முயன்று 1954-ல் அடையாறில் வெறும் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் காலத்து மனிதர்களுக்கு இந்த நோயின் பெயரே சாவுச் செய்தி. பெரியம்மா அதைக் கேட்டு வளர்ந்தவர். இன்றைக்கு அம்மாவின் நோய்க்குச் செய்ய எவ்வளவோ இருக்கிறது.

ஆபரேஷன் என்றாலும் கீமோ என்றாலும் ஒப்புதல் படிவத்தில் அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்பே உங்கள் வாயால் கேட்கட்டும். கூட்டமாக உட்கார்ந்து சொல்லாதீர்கள். சாப்பிட்டு முடித்து நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, "உனக்கு என்னவா இருக்கும்னு தோணுதும்மா?" என்று கேளுங்கள். பாதியை அவரே சொல்லிவிடக்கூடும். "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், நீயே பாத்துக்கோ" என்றால் அதுவும் சரி. அது அவர் எடுத்த முடிவு, நீங்கள் அவருக்காக எடுத்தது இல்லை.

கஷாயம் வேண்டாம். முள் சீத்தா புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இப்படிப்பட்ட கஷாயங்களில் சில மருந்தோடு மோதும், ஈரலையும் படுத்தும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் இப்போதே கட்டுக்குள் கொண்டுவாருங்கள், கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு அதை ஏற்றிவிடும். சொத்தைப் பல் இருந்தால் டாக்டரைக் கேட்டு இப்போதே பார்த்துவிடுங்கள். உறவினர் போன்களை வீட்டில் வேறு யாராவது ஒருவர் எடுக்கட்டும். நீங்கள் தூங்க வேண்டும்.

முடிவு வந்ததும் எழுதுங்கள். அம்மா என்ன சொன்னார் என்பதையும்.

அன்புடன்,
அக்கா