நகரில் புதிய மதுபானசாலை: ஆட்சேபணையை எங்கே கொடுப்பது?

கேள்வி: ஹட்டன் நகரில், எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்கு இறங்கிப் போகும் படிக்கட்டின் அடியிலுள்ள கடையை மதுபானசாலையாக மாற்றுகிறார்கள். அனுமதி கிடைத்துவிட்டதா என்று தெரியவில்லை. நகர சபைக்கு மனுக் கொடுத்தால் தடுக்கலாமா?

பதில்: நகர சபைக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். கட்டடத்தை மாற்றியமைக்க அனுமதி பெறப்பட்டதா என்று சபையிடம் கேட்கலாம். ஆனால் மதுபானம் விற்கும் அனுமதிப்பத்திரம் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. ஆகவே மனுவை மதுவரி ஆணையாளர் நாயகத்துக்கு முகவரியிட்டு, பிரதேச செயலாளருக்கும் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும் பிரதிகளுடன், பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

சம்பள நாளில் லயத்து வாசலில் கணவனுக்காகக் காத்து நிற்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் மனுவுக்கு வலுச் சேர்ப்பது தூரக் கணக்குத்தான். பாடசாலையிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் மதுபானசாலை எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதை வர்த்தமானி அறிவித்தல்கள் விதிக்கின்றன. நம் மலையகத்தில் தெருவால் வளைந்து போனால் நீளுகிற தூரம், படிக்கட்டால் இறங்கினால் மிகவும் குறைந்துவிடும். அதனால் நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு பாடசாலை வாயிலிலிருந்து கடை வாசல் வரை இரண்டு வழியாலும் அளந்து, வரைபடத்தை மனுவுடன் இணையுங்கள். இவ்விரண்டில் எந்த அளவு செல்லுபடியாகும் என்பதை நடைமுறையிலுள்ள அறிவித்தலின் வாசகத்தைக் கொண்டே வாதிட வேண்டும்.

கூடவே, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அனுமதி வழங்கப்பட்டதா, எந்த அறிக்கைகளின் பேரில் என்று மதுவரித் திணைக்களத்திடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

அனுமதி வழங்கப்பட்டிருந்தால் அரசியலமைப்பின் 140 ஆவது உறுப்புரையின் கீழ் அதை ரத்துச் செய்யக் கோரி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனுத் தாக்கல் செய்யலாம். தாமதமே அம்மனுவைத் தோற்கடிக்கக்கூடும். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் செல்வதானால் 126 ஆவது உறுப்புரை தருவது ஒரு மாதம் மட்டுமே. ஆகவே அனுமதியை அறிந்த அன்றே சட்டத்தரணி ஒருவரைச் சந்தியுங்கள்.

கடை திறந்துவிட்டாலும் அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது புகையிலை, மதுசாரம் பற்றிய 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அப்படி விற்பதைக் கண்டால் ஒவ்வொரு முறையும் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தைக் குறித்து வைத்து, டிசம்பருக்கு முன் புதுப்பித்தலுக்கான ஆட்சேபணையுடன் இணையுங்கள்.