மூக்கிலும் குடலிலும் தடுப்பூசியின் வேலையை அளப்பது: கேள்வி பதில்

கலைவாணி: தடுப்பூசிக்குப் பின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைய இருப்பதாகப் பரிசோதனை காட்டுகிறது. மூக்கிலும் இருக்கும்தானே?

அப்படி முடிவு செய்ய முடியாது. கையில் போடும் ஊசி பெரும்பாலும் ரத்தத்தில் ஐஜிஜி (IgG) என்ற வகை எதிர்ப்பொருளைக் கூட்டும். மூக்கையும் குடலையும் காப்பதில் பெரும்பங்கு சுரப்பு ஐஜிஏ (IgA) என்ற வேறு வகை எதிர்ப்பொருளுக்கு. சளிச்சவ்வுக்கு அடியில் உள்ள செல்கள் அதை அங்கேயே உருவாக்குகின்றன. ரத்தப் பரிசோதனை அதைக் காட்டாது.

ஓர் ஆய்வு மாணவர்: மூக்கிலிருந்து மாதிரி எடுக்கப் பஞ்சுக்குச்சி போதாதா?

எடுக்கலாம். ஆனால் எவ்வளவு திரவம் வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. உப்புநீரால் கழுவி எடுத்தால் அது எத்தனை மடங்கு நீர்த்தது என்பதும் தெரியாது. நான் விரும்புவது மெல்லிய உறிஞ்சு தாள். மூக்கினுள் இருக்கும் கீழ் மடிப்பின் மேல் அதை வைத்து, மூக்கை வெளியிலிருந்து லேசாக அழுத்திப் பிடித்தால், தாள் நனைந்து பளபளக்கும். முன்னும் பின்னும் எடை போட்டால் திரவத்தின் அளவு தெரிந்துவிடும். கழுவி எடுத்தே ஆக வேண்டுமென்றால், உடலில் இயல்பாக உருவாகும் கழிவுப்பொருளான யூரியாவை அளவிடுங்கள். அது சவ்வைத் தடையின்றிக் கடப்பதால் ரத்தத்திலும் மூக்குத் திரவத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். அதை வைத்து நீர்த்தலைக் கணக்கிடலாம். இல்லையேல் மொத்த ஐஜிஏவில் வைரஸுக்கு எதிரானது எத்தனை பங்கு என்று எழுதுங்கள். நீர்த்தலைத் திருத்தாத எண்ணை அட்டவணையில் போடாதீர்கள்.

செந்தில்: ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் மூக்குக்கும் போதும் அல்லவா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ரெஹானா: எச்சில் எடுப்பது எளிதாயிற்றே?

எளிதுதான். ஆனால் ஈறு வழியாக ரத்தத்தின் ஐஜிஜி எச்சிலில் கசியும்; ஈறு வீங்கியவர்களிடம் இன்னும் அதிகம். எனவே சுரப்புத் துணைக்கூறு என்ற புரதத் துண்டு ஒட்டிய ஐஜிஏவை மட்டும் தேடும் சோதனையைச் செய்யுங்கள். அதைத் தாங்கியது சவ்வைக் கடந்து வந்த ஐஜிஏ. இங்கும் நீர்த்தலை மறக்காதீர்கள்.

முருகேசன்: என் அப்பாவுக்கு மூக்குச் சொட்டு மருந்து போடலாமா?

அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பிரபாகரன்: இதெல்லாம் வீண் வேலை. இஸ்ரேல் 2005 முதல் போலியோவுக்கு ஊசி மட்டும் போட்டது. 2013இல் சாக்கடையில் வைரஸ் கிடைத்தும் ஒரு குழந்தைக்கும் வாதம் வரவில்லை. ரத்தம் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நீங்கள் சொல்லும் செய்தி சரி, முடிவு தவறு. வைரஸ் சாக்கடைக்கு எப்படி வந்தது? ஊசி போட்ட குழந்தைகளின் குடலில் பெருகி, மலத்தில் வெளியேறித்தான். ரத்த எதிர்ப்பொருள் நரம்பைக் காத்தது, பரவலை நிறுத்தவில்லை. அதனால்தான் அந்நாடு குழந்தைகளுக்கு மீண்டும் வாய்வழிச் சொட்டு மருந்து (உயிருள்ள, வலுவிழந்த போலியோ வைரஸ்) கொடுத்தது.

பிரபாகரன்: அப்படியானால் வேலூர் ஆய்வில் ஊசி எப்படிக் குடலைக் காத்தது?

நல்ல கேள்வி. 2014இல் வெளியான அந்த ஆய்வில், முன்பே சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு ஊசி போட்டார்கள். நான்கு வாரம் கழித்து எல்லோருக்கும் சொட்டு மருந்து கொடுத்து, ஏழாம் நாள் மலத்தில் வைரஸைத் தேடினார்கள். மூன்றாம் வகைப் போலியோ வைரஸ் ஊசி போடாதவர்களில் 26 விழுக்காட்டினரிடமும், போட்டவர்களில் 8 விழுக்காட்டினரிடமும் இருந்தது. குடல் அந்த வைரஸை முன்பே சந்தித்திருந்தது. ஊசி அந்த நினைவைத் தட்டி எழுப்பியது. இஸ்ரேலில் ஊசி மட்டுமே பெற்ற குழந்தைகளின் குடலில் எழுப்புவதற்கு அந்த நினைவு இல்லை.

வசந்தி: மலத்தில் ஐஜிஏவை அளந்தால் போதாதா, வைரஸை ஏன் தேட வேண்டும்?

குடலின் நொதிகள் ஐஜிஏவைச் சிதைக்கும். மலத்தின் நீர்ப்பதமும் நாளுக்கு நாள் மாறும். வைரஸ் வெளியேறியதா இல்லையா என்பதோ நாம் அறிய விரும்பும் விடையே. இரண்டையும் அளக்க வசதியிருந்தால் அளவிடுங்கள். ஒன்றுதான் முடியுமென்றால் வைரஸைத் தேடுங்கள்.

செல்வம்: ரத்தப் பரிசோதனையில் நல்ல அளவு வந்தால்...

முதல் பதில், செல்வம்.