மும்பையில் வங்கி எடுத்துக்கொள்ளும் வீடுகளை யார் எண்ணுகிறார்கள்?

கேள்வி இதுதான்: தவணை கட்டாததால் மும்பையில் வருஷத்துக்கு எத்தனை வீடுகள் வங்கிக்குப் போகின்றன?

ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் 'வங்கித் துறையின் போக்கும் முன்னேற்றமும்' அறிக்கையில், சர்ஃபேசி சட்டத்தின் (கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வழக்குப் போடாமலே வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம்) கீழ் எத்தனை வழக்குகள், எவ்வளவு வசூல் என்ற அட்டவணை வரும். ஆனால் அதில் கடை, தொழிற்சாலை, வீடு எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். அதை வைத்து வீடுகளைப் பேசுவது தவறு.

பெரிய சிக்கல், எந்தக் கட்டத்தில் எண்ணுவது என்பதுதான். தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அப்புறம் 60 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ். அதற்குள் கட்டி மீண்டவர்களும் உண்டு. நோட்டீஸை எண்ணினால் அவர்கள் வீடும் கணக்கில் ஏறிவிடும். அடுத்து 'அடையாள சுவாதீனம்', அதாவது வீட்டைப் பெயரளவில் கைப்பற்றுவது: கதவில் அறிவிப்பு ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் தருவார்கள், மும்பையில் ஒன்று மராத்தியில் இருக்கும். ஃபிளாட் எண், பாக்கித் தொகை, தேதி எல்லாம் அதில் இருக்கும். ஆனால் குடும்பம் இன்னும் உள்ளேதான் வசிக்கும்! மாஜிஸ்திரேட் உத்தரவோடு பூட்டு மாற்றினால்தான் நிஜமான சுவாதீனம்.

ஏல விளம்பரங்களை எண்ணுபவர்களும் கவனிக்க வேண்டும். முதல் ஏலத்தில் ஆள் வராவிட்டால் குறைந்தபட்ச விலையைக் குறைத்து அதே வீட்டை மறுபடி விளம்பரம் செய்வார்கள். முகவரி வைத்து ஒப்பிடாவிட்டால் ஒரே வீடு இரண்டு மூன்றாகிவிடும்.

சரி, எங்கே பார்ப்பது? கைப்பற்றிய சொத்துகளின் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் போட்டு மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டது. செம்பூர், முலுண்ட் என்று பகுதிவாரியாக வேண்டுமானால் அங்கிருந்து நீங்களே தொகுக்கலாம்.