மாத்திரையே சாப்பிடாதவர் உடம்பில் மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி வருகிறது?

ஆற்றிலும் கடலிலும் வாழும் பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களை எப்படிக் கைமாற்றிக்கொள்கின்றன, தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூர் முதுநகர்க்காரி. புதுச்சேரியில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு அங்கேயே ஒரு பரிசோதனைக் கூடத்தில் கல்ச்சர், அதாவது நோயாளியின் மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதிப்பது, பார்க்கிறேன்.

போன வருடம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. ஆம்பிசிலின், கோ-ட்ரைமாக்சசோல், ஜென்டாமைசின், செஃபோடாக்சிம் என நான்கு ஆன்டிபயாடிக்குக்கும் நேரே ‘ரெசிஸ்டன்ட்’, அதாவது அடங்காது, என்று இருந்தது. படித்துச் சொன்னேன். “இதுல பாதி மருந்த நான் கண்ணாலகூடப் பாத்ததில்லையே பாப்பா, அப்புறம் எப்படி?” என்று கேட்டார்.

அவர் அந்த மருந்தைச் சாப்பிட்டிருக்க வேண்டியதே இல்லை. எதிர்ப்பு மரபணுக்கள் பல சமயம் பிளாஸ்மிட் என்கிற சின்ன டிஎன்ஏ வளையத்தில் கூட்டாக உட்கார்ந்திருக்கும். ஒரு பாக்டீரியா இன்னொன்றை மயிரிழை போன்ற ஒரு நீட்சியால் பிடித்து இழுத்து ஒட்டிக்கொண்டு, வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். தானும் ஒன்று வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஜப்பானில் 1950களில் நான்கு மருந்துக்கு ஒரே நேரத்தில் அடங்காத சீதபேதிக் கிருமி பரவியபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் கிருமியை ஈ.கோலையோடு கலந்து வைத்தால் எதிர்ப்பு மொத்தமாகத் தாவுகிறது என்று 1959இல் காட்டினார்கள். கல்லூரியில் நாங்களே இதைச் செய்திருக்கிறோம். தனித்தனியாக வைத்தால் இரண்டு மருந்து கலந்த தட்டில் வளராத இரண்டு வகைகளை ராத்திரி முழுக்க ஒன்றாக விட்டோம். காலையில் அதே தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. அன்றைக்கு எனக்கு வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

தண்ணீரில் இது எங்கே நடக்கிறது? ஓடும் நீரில் பாக்டீரியாக்கள் தள்ளித் தள்ளி மிதக்கும். ஆனால் கல்லிலும் குழாயின் உட்புறத்திலும் கை வைத்தால் வழுவழு என்று ஒரு படலம் இருக்கும் பாருங்கள், அதற்குள் அவை நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன. சாக்கடையில் வந்த குடல் கிருமியும் ஆற்றுக் கிருமியும் பக்கத்து வீட்டுக்காரர்களாவது அங்கேதான்.

இன்னொரு வழி எங்கள் ஊருக்கு ரொம்பவே பக்கத்தில் இருக்கிறது. முதுநகர் துறைமுகத்தில் இறால் உரித்த இடத்தில் தலையும் ஓடுமாகக் குவிந்து கிடக்கும், கொஞ்சம் தண்ணீருக்கும் போகும். அந்த ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. காலராக் கிருமி கழிமுகத்து நீரில் இயல்பாகவே வாழக்கூடியது. கைட்டினில் ஒட்டிக்கொண்டு அதையே தின்னும். அப்படி ஒட்டியிருக்கும்போது, சுற்றிலும் கிடக்கும் டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறன் அதற்கு வந்துவிடுகிறது என்று 2005இல் நண்டு ஓட்டை வைத்துச் செய்த ஆய்வில் தெரிந்தது. செத்துப்போன பாக்டீரியா விட்டுச்சென்ற டிஎன்ஏவாக இருந்தாலும் சரி. பக்கத்தில் இருக்கும் கிருமியைக் குத்திக் கொன்று அதன் டிஎன்ஏவை எடுத்துக்கொள்வதும் உண்டு என்று பிறகு கண்டார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அந்தக் குவியலை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களும் மரபணுக்களைத் தவறுதலாகச் சுமந்து போகும்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1992இல் மெட்ராஸில் ஓ139 என்ற புதுவகைக் காலரா கிளம்பியது. அந்தக் கிருமியில்தான் எஸ்எக்ஸ்டி என்ற தாவும் டிஎன்ஏ துண்டைக் கண்டுபிடித்தார்கள். கோ-ட்ரைமாக்சசோலில் உள்ள இரண்டு மருந்துகள், ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிக்கால் எல்லாவற்றுக்குமான எதிர்ப்பும் அந்த ஒரே துண்டில் இருந்தது. பின்னால் 2004இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் பட்டால் பாக்டீரியா தன் டிஎன்ஏ சிதைகிறது என்று அபாய நிலைக்குப் போகிறது. அப்போது இந்தத் துண்டு இன்னும் அதிகமாகத் தாவுகிறது. அதாவது ஒரு மருந்து, தனக்குச் சம்பந்தமே இல்லாத வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பையும் பரப்பிவிட முடியும். அம்மா கேட்டதற்கு இதுவும் ஒரு பதில்.

நம் ஊர் வெயிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டெல்லியில் தெருவோரம் தேங்கிய நீரில் 171 மாதிரிகளும் குழாய் நீரில் 50 மாதிரிகளும் எடுத்துப் பார்த்தார்கள். கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் கார்பாபெனெம் மருந்துகளையே செல்லாக்காசாக்கும் என்டிஎம்-1 மரபணு முதலாவதில் 51 மாதிரிகளிலும், குழாய் நீரில் 2 மாதிரிகளிலும் இருந்தது. அது தாவும் வேகம் 30 டிகிரியில்தான் அதிகம், உடம்புச் சூடான 37இல் அல்ல. 30 டிகிரி என்பது கடலூர் நீர்நிலைகளுக்கு வெகு சாதாரணம்.

சரி, காய்ச்சுவது. குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்க விட்டால் உள்ளே இருக்கும் பாக்டீரியாக்கள் செத்துவிடும், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் பச்சையாகத் தின்னும் காய்கறி, கழுவாத கை, சமைக்கும் முன் தொட்ட மீன் வழியாகவும் இவை குடலுக்கு வரலாம். நோய் எதுவும் தராமல் மாதக்கணக்கில் அங்கே தங்கியும் இருக்கலாம். அம்மாவுக்கு அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மீதி மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டாதீர்கள். சாக்கடை நீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடும் இடம் உங்கள் பகுதியில் இருந்தால், நகராட்சியில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் காய்ச்சும் பாத்திரத்தால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அம்மாவுக்கு ஏழு நாள் ஊசி போட்டார்கள். அடுத்த கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.